சித்தி விட்டுப்போன கருமஞ்சள்

ரப்பர் விலை விழுந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டபோது, அது எங்கே விழுந்தது, போய்ப் பொறுக்கலாமா என்று கேட்கிற வயது எனக்கு. எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், யோங் பெங் ஊரிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே இருந்தது. தொழிலாளர் வீடுகள் ஒட்டி வரிசையாக நின்ற லயத்தில் எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் சித்தி மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். அப்படி ஒட்டியிருந்த இரண்டு வீட்டுப் பெண்களும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். காரணம், மண்ணெண்ணெய் டின்னில் வளர்ந்த ஒரு செடி.

கம்பத்திலிருந்து, அதாவது பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து, வாழையிலை விற்க வரும் மலாய்க்கார அம்மாளிடம் கெஞ்சி, சித்தி அதன் விதைக்கிழங்கை வாங்கியிருந்தாள். பார்ப்பதற்கு மஞ்சள் செடி மாதிரியே இருக்கும். ஆனால் ஒவ்வோர் இலையின் நடுவிலும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு ஓடும். கிழங்கை வெட்டினால் உள்ளே நீலமாக இருக்குமாம். கருமஞ்சள் என்றார்கள். லேசில் கிடைக்காது, இழுப்புக்குக் கைகண்ட மருந்து என்றும் லயத்தில் பேச்சு.

சித்தி அந்த டின்னைப் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்லி முடியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்த் திரும்பியதும் முகம்கூடக் கழுவாமல் அதன்முன் உட்காருவாள். வெயில் ஏறினால் நிழலுக்கு இழுப்பாள். கோழி கிட்டே போனால் விளக்குமாற்றோடு ஓடுவாள். பிள்ளையில்லாத வீட்டுக்கு அதுதான் பிள்ளை என்று குழாயடியில் சொல்லிச் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாது.

அடைமழைக் காலத்தில் என் தம்பிக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம். அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு சித்தி வாசலுக்குப் போனாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

"ஒரு துண்டு கிழங்கு கிள்ளிக் குடு. பிள்ள மூச்சுக்குத் தவிக்கிறான்."

சித்தி டின்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னும் முத்தலக்கா. இப்பத் தோண்டினா மருந்துக்கும் ஆகாது, செடியும் போயிரும். கொஞ்சம் பொறுங்கக்கா."

"பெத்திருந்தா தெரியும்" என்றாள் அம்மா.

சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கொடுத்த கசப்பு மருந்தில் தம்பி பிழைத்துக்கொண்டான். அவன் ஓடி விளையாட ஆரம்பித்த பிறகும் அம்மா அந்த வாசல் பக்கம் திரும்பவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் வேலைக்காட்டில் சேர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் தெரியாதவர்கள்போல ஆளுக்கொரு கதவுக்குள் நுழைந்துகொண்டார்கள்.

அப்புறம்தான் விலை விழுந்தது. ஆட்குறைப்பு என்று சொல்லி, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் நின்றவர்களைப் பேர் பேராகக் கூப்பிட்டு, இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். சித்தப்பா பேரும் வந்தது. அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோக லோரி வந்த காலையில் அம்மா அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுப்பில் தீயே இல்லை. சித்தப்பாதான் டின்னைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார்.

"தம்பிக்கு ஆகும், அக்காகிட்டக் குடுத்துருங்கன்னு சொன்னா."

அம்மா வெளியே வரவில்லை. லோரி நகர்ந்தபோது சித்தி எங்கள் கதவையே பார்த்தபடி இருந்தாள். நான் கையாட்டினேன். அவளும் ஆட்டினாள்.

கொஞ்ச நாளில் செடியின் இலைகள் பழுத்தன. பிறகு ஒவ்வொன்றாகக் காய்ந்து சரிந்தன. அம்மா தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், சாம்பல் போட்டுப் பார்த்தாள். கடைசியில், "வயிறெரிஞ்சு குடுத்தது எப்படித் தழைக்கும்?" என்று சொல்லி, டின்னைக் குப்பைக்குழி ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

மறுபடி வாழையிலையோடு வந்த மலாய்க்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். எடுத்தெறிந்த டின்னின் பக்கத்தில் குந்தி, "தாக் மாத்தி. சூடா துவா" என்று சிரித்தாள். சாகவில்லை, முற்றிவிட்டது. இலை காய்ந்தால்தான் கிழங்கு தயார். டின்னைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கிழங்குக் கொத்துகள் சரிந்தன. ஒன்றை ஒடித்தாள். உள்ளே மழைமேகம் மாதிரி நீலம். கற்பூர வாசனை அடித்தது.

பிறகு சித்தி எங்கே என்று கேட்டாள். ஊருக்குப் போய்விட்டாள் என்றதும் மலாய்க்கார அம்மாள் முகம் மாறியது. இதைச் சித்தி கேட்டு வாங்கியது தன் வயிற்றில் ஒரு பிள்ளை தங்குவதற்காக என்றாள். ஒரே ஒரு முறை தோண்டும் அளவுக்குத்தான் தன்னிடமும் விதைக்கிழங்கு இருந்தது, அதைத்தான் கொடுத்தேன் என்றாள். எல்லாம் மலாயில்தான் சொன்னாள். எனக்கு வார்த்தைகள் புரிந்தன, விஷயம் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது.

"தோண்டி முந்தானையில முடிஞ்சிக்கிட்டுப் போயிருக்கலாமே" என்றாள் அம்மா, யாரிடம் என்றில்லாமல். "ஒண்ணுகூட எடுக்கலியே பாவி." குப்பைக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வாசனை கண்ணை எரிக்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தம்பிக்கு என்று ஒரு துண்டை மட்டும் எடுத்துவைத்தாள். மீதியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டினாள். அடுத்த லோரியில் ஊருக்குப் போக இருந்த ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நாங்க சேலம் பக்கமாச்சே தங்கச்சி. அவங்க எந்தூரு?"

"பட்டுக்கோட்டைக்குத் தெக்கால."

அவர் மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "பாத்தாக் குடுத்துர்றேன்" என்று சொல்லித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். ஊர் என்பதும் எங்கள் லயம்போலத்தான், கொஞ்சம் நீளமாக, வரிசையாகக் கதவுகளோடு இருக்கும் என்று நம்பியிருந்தேன். அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனால் ஒன்றிலிருந்து சித்தி எட்டிப் பார்க்காமலா இருப்பாள்? அதனால் பொழுது சாயும்போதெல்லாம் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், சித்திக்குச் சேர்ந்திருக்குமா என்று.

"சேந்திருக்கும்" என்பாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.