இருபத்தாறாம் ஆண்டு அரைச்சதம்

கல்முனை பசாரில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த மீராசாவுக்குப் பழைய காசென்றால் உயிர். சில்லறை எண்ணும்போது இங்கிலாந்து ராசா தலை போட்ட காசு ஒன்று வந்துவிட்டால் அதை மேசை லாச்சிக்குள் போடமாட்டார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அப்படிச் சேர்த்தவையெல்லாம் கல்முனைக்குடி வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. 2004 சுனாமியில் கடல் வந்த அன்று வீடு போனது. அடுத்த வளவில் இருந்த அவருடைய உடன்பிறந்த மூத்த ராத்தாவும் அலையில் அகப்பட்டு மவுத்தானார்.

சில வாரங்கள் கழித்து மணலைக் கிளறியபோது டின் அகப்பட்டது. காசுகள் உப்புப் பிடித்து, பச்சை பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. மீராசா மூடியைத் திரும்பப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

கடை ஊருக்குள் இருந்ததால் தப்பியிருந்தது. இடிந்த ஊர் எழும்பும் காலம் அது. சீமெந்துக்கும் தகரத்துக்கும் சனம் வரிசையில் நின்றது. மற்றவர்களின் இழப்பில் தன் கை நிறைகிறதே என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. ராத்தாவின் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகும் அது முழுதாகப் போகவில்லை.

அந்த நாட்களில்தான், சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போன இடத்தில், பழங்காசு வியாபாரி ஒருவர் புதுமாதிரி ஒன்றைக் காட்டினார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அரைச்சதம், அதாவது ரூபாயில் இருநூற்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் ஒரு கம்பனி காசைச் சோதித்து, எழுபதுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, உறையில் அடைத்து அனுப்புகிறதாம். கீறல் குறையக் குறையப் புள்ளி கூடும்.

"இதுக்குள்ள தண்ணி போகாதா?" என்று கேட்டார் மீராசா.

வியாபாரி சிரித்தார். மீராசா சிரிக்கவில்லை. அதை வாங்கிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினார்.

பிறகு அது விடாமல் பிடித்துக்கொண்டது. இலங்கைச் செப்புக் காசுகளை ஆண்டு வரிசையில் யார் நல்ல புள்ளியோடு வைத்திருக்கிறார்கள் என்று அந்தக் கம்பனி இணையத்தில் முதலாம் இடம், இரண்டாம் இடம் போட்டிருந்தது. சொந்தப் பெயர் தேவையில்லை, புனைபெயர் போதும். மீராசா 'அலை' என்று பதிந்தார். அவருக்கு மேலே பெரும்பாலும் 'மருதம்' என்று ஒருவர் நின்றார். மீராசா ஒரு காசு வாங்கி மேலே ஏறினால், அடுத்த மாதம் மருதம் ஒன்று வாங்கி அவரைக் கீழே தள்ளுவார். முன்பு சில நூறு ரூபாய்க்குப் போன காசுக்கு வியாபாரி இப்போது ஆயிரக்கணக்கில் விலை சொன்னார். கேட்டால், "இன்னொராளும் கேக்கிறார் ஹாஜியார்" என்பார். மீராசா ஹஜ்ஜுக்குப் போனதே இல்லை.

2009இல் சண்டை முடிந்தது. அந்த வருடக் கடைசியில் கொழும்பில் ஏலம் ஒன்று வந்தது. அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு அரைச்சதம், அறுபத்தாறு புள்ளி. உலகத்திலேயே அந்தப் புள்ளியில் அது ஒன்றுதான் என்றார்கள். மீராசாவிடம் இருந்தது அறுபத்தைந்து.

"அறுபத்தஞ்சுக்கும் அறுபத்தாறுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் மனைவி சுஹறா.

"பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா ராசாட கன்னத்தில ஒரு கீறல் குறைவு."

"ஒரு கீறலுக்கா மேல்வீடு கட்ட வெச்ச காசக் கொண்டு போறீங்க?"

"கீறலுக்கு இல்ல சுஹறா. வேற ஆருக்கிட்டயும் அது இல்ல."

"வேற ஆரும் கேக்கிறாங்களா?"

"ஒராள் இரிக்கார்."

"அப்ப காசுக்கு விலை இல்ல. உங்க ரெண்டு பேர்ர பிடிவாதத்துக்குத்தான் விலை."

மீராசா பஸ் ஏறினார்.

கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபம். அரைச்சதத்தின் முறை வந்ததும் பல கைகள் உயர்ந்தன. பத்தாயிரம் தாண்டியதும் பாதிக் கைகள் விழுந்தன. ஐம்பதாயிரத்தில் இரண்டு கைகளே மிஞ்சின. மற்றக் கைக்காரர்தான் மருதம் என்று மீராசாவுக்குப் புரிந்தது. எட்டிப் பார்த்தார். யன்னலோரம் கை உயர்த்தியபடி இருந்தவர் நேசராசா சேர். கல்முனையில் மீராசாவின் மகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். போன கிழமைதான் கடைக்கு வந்து வெள்ளைப் பெயின்ற் வாங்கிப்போனவர்.

நேசராசாவும் பார்த்துவிட்டார். இருவர் முகத்திலும் அசட்டுச் சிரிப்பு வந்தது. ஆனால் கை இறங்கவில்லை. சிரித்துக்கொண்டே இன்னும் ஏழெட்டுத் தரம் ஏற்றினார்கள். ஒன்றரை லட்சத்தில் நேசராசா தலையை ஆட்டிவிட்டுக் கையை மடியில் வைத்தார். காசு மீராசாவுக்கு விழுந்தது.

வெளியே தேத்தண்ணிக் கடையில் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள்.

"மீராசா நானா, நீங்களா அந்த அலை?" என்றார் நேசராசா.

"நீங்களா சேர் மருதம்? ரெண்டு கட்டை தூரத்துக்குள்ள இருந்துகொண்டு..."

"மனிசி செத்தாப்பிறகு எனக்கு வேற என்ன வேலை?"

அவருடைய மனைவியும் கடலோடு போனவர் என்பது மீராசாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தாறன் சேர், எடுங்க" என்றார்.

"வேணாம். ஏலத்தில வெண்டது நீங்க."

ஏலச் செய்தி பரவியது. நாலு மாதம் போகவில்லை, கண்டிப் பக்கத்தில் ஒரு பழைய தேயிலைத் தோட்டத்துரை குடும்பம் பெட்டகத்தைத் திறந்து, பிரிக்காத காசுச் சுருள் ஒன்றை எடுத்தது. அத்தனையும் இருபத்தாறாம் ஆண்டு அரைச்சதம். இவ்வளவு விலை போகுமென்று தெரிந்திராவிட்டால் அவர்கள் அதைத் தேடியிருக்கவே மாட்டார்கள். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பியவற்றில் முக்கால்வாசி அறுபத்தாறு, சில அறுபத்தேழு. மீராசாவின் காசை ஐயாயிரத்துக்குக் கேட்கவும் ஆளில்லை.

செய்தியைக் கேட்ட சுஹறா சோற்றுக் கோப்பையை எடுத்து வைத்தார். பிறகு, "சரி, சாப்பிட வாங்க" என்றார். அந்த அன்புதான் மீராசாவைச் சுட்டது. கட்டாமல் நின்ற மேல்வீட்டுக் கம்பிகள் இன்னொரு மாரிமழையில் துருப்பிடித்தன. அடுத்த வருடம் கடைச் சீமெந்தைக் கொண்டே மேல்வீட்டைக் கட்டி முடித்தார்.

நேசராசா இப்போது கிழமைக்கு இரண்டு தரமாவது கடைக்கு வருகிறார். ஏலம் ஏதும் வந்தால் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள்.

"ஒத்தை வருசம் உங்களுக்கு, இரட்டை வருசம் எனக்கு. ஓமா நானா?"

"ஓம் சேர். ஆனா பதினேழாம் ஆண்ட மட்டும் எனக்கு விட்டுருங்க."

"அது ஒத்தைதானே, உங்கடதுதான்!"

கல்முனையில் இப்போது காசுக்குப் போட்டி போட ஆளில்லை என்று கொழும்பு வியாபாரி எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொள்கிறாராம்.