விசில் வந்தால் ஓடும் தையல் மெஷின்

பல வருடங்களுக்கு முன், இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். என் கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் பராமரிக்கும் வேலை கிடைத்து, மதுரையிலிருந்து இரண்டு பெட்டிகளோடு கிளம்பினோம். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் துவரம்பருப்பு, சாம்பார் பொடி, என் பிரஷர் குக்கர். வெளிநாட்டுக்குக் குடித்தனம் போகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற வியாதிதான் இது. போகிற இடத்தில் சோறே கிடைக்காது என்ற நினைப்பு.

போன பிறகுதான் தெரிந்தது, அங்கே சாப்பாட்டுக்குக் குறைச்சலே இல்லை. குழல் புட்டு, தேங்காய்ப்பால் சொதி, மீன் குழம்பு என்று ஊரே மணந்தது. யாராவது அந்தப் பக்கம் போனால், முதலில் சொதியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். குறைச்சல் எல்லாம் நிம்மதிக்குத்தான். தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி. ஆள் காணாமல் போன செய்தி அடிக்கடி காதில் விழும். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் சிரித்தால்கூட, பாலில் தண்ணீர் கூடிவிட்டதோ என்று நினைப்பவள். அப்படிப்பட்டவளை அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். தையல்காரர். தனியாள் என்றுதான் தெருவில் சொன்னார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். குடிபோன சில வாரங்களிலேயே தினமும் சாயங்காலம் சுவரோரம் வந்து ஒரே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"தங்கச்சி, நாளைக்கு எத்தனை மணிக்குக் குக்கர் வைப்பியள்?"

நானும் வெள்ளந்தியாக ஏழரை, எட்டு என்று சொல்லிவிடுவேன். பிறகுதான் உறைத்தது. நான் எப்போது சமைத்தால் இந்த அம்மாவுக்கு என்ன? நான் சமைக்கும் நேரத்தை வைத்து என் கணவர் எப்போது வேலைக்குக் கிளம்புகிறார் என்று கணக்குப் போடுகிறாரோ? யாரிடமாவது சொல்கிறாரோ?

அதோடு விட்டாரா? ஒருநாள் ஒரு பை நிறைய மைசூர்ப் பருப்பைக் கொண்டுவந்து நீட்டினார். "இஞ்ச எல்லாரும் இதுதான் காய்ச்சுறது. கெதியா அவியும். உந்தக் குக்கர் ஒண்டும் தேவையில்லை."

சீக்கிரம் வெந்துவிடுமாம். என் பருப்பு என்னோடு. இவருக்கு என்ன வந்தது?

சினிமா விஷயத்திலும் அப்படித்தான். அக்காவிடம் தமிழ்ப் பட சிடிகள் ஒரு கூடை இருந்தன. எங்கள் ஊர்ப் படங்களை எனக்கே சிபாரிசு செய்வார். எல்லாம் சிரிப்புப் படம், குடும்பப் படம். எனக்கோ நாலு பேர் பறந்து போய் விழுந்தால்தான் படம் பார்த்த திருப்தி. ஒருநாள் சண்டைப் படம் ஒன்றைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "வெடிச் சத்தம் வாற படம் வேண்டாம் தங்கச்சி. சிரிப்புப் படம் பாருங்கோ, மனசுக்கு நல்லம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளம் வாங்குவது என் புருஷன், டிவி என்னுடையது, இதில் நாட்டாமை அவருடையதா?

இதைவிட எரிச்சல் இன்னொன்று. என் குக்கர் விசில் அடிக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டுத் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். விசில் நின்றால் மெஷினும் நிற்கும். வேண்டுமென்றே என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். பிறகு ஒருநாள் அவர் வீட்டுக் கிணற்றடியில் இரண்டு சாப்பாட்டுத் தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்ததைப் பார்த்தேன். மறுநாளும் இரண்டு. தனியாக இருப்பவருக்கு எதற்கு இரண்டு தட்டு?

அன்றைக்கே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எப்போதும், "உனக்கு வேற வேலையே இல்லையாடி" என்று சிரிப்பவர் அன்று சிரிக்கவில்லை. வீட்டில் வெளியூரார் தங்கினால் போலீஸில் பதியவேண்டும் என்பது அங்கே சட்டம். "நிச்சயமா யாரோ இருக்காங்கன்னா சொல்லு. நாளைக்கே எங்க ஹார்பர் செக்யூரிட்டி ஆபீஸர் காதுல போட்டுடறேன்" என்றார்.

நிச்சயம் செய்துகொள்ள நானே ஒரு திட்டம் போட்டேன். மறுநாள் மத்தியானம் மூன்று மணி. நான் தூங்கும் நேரம் என்பது அக்காவுக்குத் தெரியும். சொல்லாத நேரத்தில் விசில் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க, குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஸ்டூலைத் தூக்கிப்போய்ச் சுவரோரம் போட்டு, அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

கிணற்றடியில் ஒரு பெண் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணி. எவ்வளவு நாளாயிற்றோ வெயிலில் வந்து, முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமேதான்.

அப்போது விசில் அடித்தது.

அந்தப் பெண் அப்படியே தரையில் விழுந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, துவைக்கிற கல்லுக்கு அடியில் புகப் பார்த்தாள். வயிறு இடித்தது, உள்ளே போக முடியவில்லை. மறுபடி மறுபடி முட்டினாள். வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. நான் ஸ்டூல்மேல் சிலை மாதிரி நின்றேன். இரண்டாவது விசிலும் அடித்தது.

ஐயோ, என்ன பாவி நான்! குதித்து ஓடி அடுப்பை அணைத்தேன். செருப்புக்கூடப் போடாமல் அக்கா வீட்டுப் பின்பக்கம் ஓடினேன். அக்கா அதற்குள் வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அசையுதாம்மா? சொல்லு, அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எத்தனை நிமிடம் என்று தெரியாது, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் அவள் மெல்ல, "ஓம் அக்கா… அசையுது" என்றாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அவள் அக்காவின் கூடப்பிறந்த தங்கை. அப்போது போராளிகள் கையில் இருந்த இலங்கைத்துறைப் பக்கம் வீடு. அங்கே ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு விழுந்து, மூத்த குழந்தை அவள் கண்முன்னாலேயே போய்விட்டது. "ஷெல் கூவிக்கொண்டு வாற மாதிரித்தான் உந்த விசில் இவளுக்குக் கேக்குது. நேரம் தெரிஞ்சா முன்னமே அறைக்குள்ள இருத்திப்போட்டு மெசினை மிதிப்பன். அந்தச் சத்தத்தில விசில் கேளாது" என்றார் அக்கா. பதிவு செய்யப் போனால், அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள் என்று விசாரணைக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அவளை மறைத்தே வைத்திருந்தாராம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"ஆரெண்டு தெரிஞ்சு சொல்லுறது தங்கச்சி? நீங்கள் வெளிநாட்டு ஆக்கள். உங்கட மனுசன் ஹாபருக்குள்ள வேலை செய்யிறவர். எனக்கு உங்களில சரியான பயம்."

அவர் பயந்தது சரிதான். இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் நான் காட்டிக்கொடுத்திருப்பேன்.

வீட்டுக்குப் போய்க் குக்கர் மூடியிலிருந்து வெயிட்டைக் கழற்றிக்கொண்டு வந்து அக்கா கையில் வைத்தேன். சாயங்காலம் கணவர் கேட்டபோது, "அவங்க சாப்பிட்ட தட்டு ஒண்ணு, மீன் வெச்ச தட்டு ஒண்ணு. நான்தான் லூசு மாதிரி உளறிட்டேன்" என்றேன். "அதானே பார்த்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். குக்கர் வெயிட் தொலைந்துவிட்டது என்றும், மைசூர்ப் பருப்பு உடம்புக்கு ரொம்ப நல்லது என்றும் சாதித்தேன். பாவம், மைசூர்ப் பருப்பு சாம்பாரை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். உண்மை இன்றுவரை அவருக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

சில வாரங்களில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று அக்கா வெயிட்டைத் துணியில் முடிந்து கொண்டுவந்து தந்தார். கூடவே சிரிப்புப் பட சிடிகள் நாலு.

இப்போது மதுரையில் எங்கள் தெருவில் காலை வேளையில் வீட்டுக்கு வீடு குக்கர் விசில் கேட்கிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் அந்த வெயிட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம், நேரம் கேட்டு யாராவது சுவரோரம் நிற்கிறார்களா என்று ஒரு தடவை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் குக்கரில் போடுகிறேன்.