வேலம்மாள் குடியிருந்த வீடுகள்

பசுவந்தனையிலிருந்து முதல் பஸ்ஸில் கோவில்பட்டி வந்து வேலம்மாளின் தம்பி கருப்பசாமி என் வீட்டுக் கதவைத் தட்டினார். "அக்கா போயிட்டா அண்ணாச்சி. மெட்ராஸுக்குக் கிளம்பிட்டேன். எங்கன இறங்கி எப்படிப் போகணும்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க" என்றார். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை, அங்கிருந்து மடிப்பாக்கம் வழியாகப் போகும் மேடவாக்கம் பஸ் என்று எழுதினேன். அந்த வழியிலும் வேளச்சேரிப் பக்கமும் இன்று வரிசையாக நிற்கும் வீடுகளில் பதினொன்றில் முதலில் குடியிருந்தவர் வேலம்மாள்தான். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்வரை நான் குடியிருந்த மடிப்பாக்கத்தில், எங்கள் தெருக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. 'வாட்ச்மேன் சம்சாரம்' என்றால் தெரியும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் இரண்டு வருஷம் மழை பொய்த்தபோது, ஆடுகளை விற்றுவிட்டு வேலம்மாளும் அவர் கணவர் அய்யனாரும் மகளோடு மெட்ராஸுக்கு வந்தார்கள். பட்டணம் அப்போது தெற்கே வயல்களையும் ஏரிக்கரைகளையும் விழுங்கிக்கொண்டு போனது. மனையில் செங்கல் இறங்கும் அன்றே இவர்களும் இறங்குவார்கள். கூரை மூடியதும் கதவில்லாத அறையில் சமையல், சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது, சிமெண்டுக்குக் காவல். வெள்ளையடித்து முடித்தால் அடுத்த மனை.

நான் அப்போது அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. என் மனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய மூன்றாம் நாள் வேலம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். குழியிலிருந்து எடுத்த மண்ணை உருட்டிக் காயவைத்திருந்தார். உருண்டை நாலாகப் பிளந்து கிடந்தது. "இது நம்ம ஊரு கரிசல் சாதிதான் அண்ணாச்சி. வெயிலுக்கு வாயப் பொளக்கும், மழைக்கு ஊதும். கெட்டி மண்ணு வார வரைக்கும் தோண்டச் சொல்லுங்க" என்றார். மேஸ்திரி சிரித்தார். சித்தாள் வேலை பார்க்கிறவர் பேச்சைக் கேட்டு ஆழப்படுத்துவதா என்று எனக்கும் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கரிசலில் பிறந்தவன் அல்லவா, அந்த உருண்டையை மறுக்க முடியவில்லை. இன்னும் இரண்டடி தோண்டினோம்.

வீடு முடிந்தது. பால் காய்ச்சுவதற்கு முந்தின வாரம் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். விசேஷத்துக்கு வாருங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஐப்பசியில் விடாமல் மழை. ஒரு நாள் விடிந்து பார்த்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். ஏரிப்பக்கத்து மனையில் அவர்கள் குடிசை போய்விட்டது. பின்னால் அய்யனார் நிற்க, தலையில் மூட்டையும் கையில் மகளுமாக வேலம்மாள் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். சன்ஷேடுக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றுகொள்கிறோம் என்றார். "நீங்க இருந்த வீடுதானே இது" என்றேன்.

"இருந்தது காவலுக்கு அண்ணாச்சி."

என் மனைவிதான் தண்ணீரில் இறங்கிப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். பின்னாலேயே வேலம்மாளும் அய்யனாரும் வந்தார்கள். ஒன்பது நாள் எங்களோடு இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்து வெயில் அடித்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் வெடித்தது. எங்கள் வீட்டில் ஒரு கீறல் இல்லை. எந்த இன்ஜினீயர் என்று எல்லோரும் கேட்டார்கள். நம் பக்கத்து மண் எனக்குத் தெரியாதா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். வேலம்மாள் அப்போது உள்ளே என் மனைவியோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். புடைப்பதை நிறுத்தவில்லை. நண்பர்களே, அது அவர் சொன்ன யோசனை. பத்து வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் வேலம்மாள் வீட்டுமனைப் பட்டாவுக்கு அலைய ஆரம்பித்தார். மனு எழுதியது நான். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றது அவர். அதிகாரி இல்லை என்றால் மறுநாளும் போவார். இடையில் அய்யனார் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். காரியம் முடிந்த மறுவாரமே திரும்பவும் போய் நின்றார். அலைந்து அலைந்து, மேடவாக்கம் தாண்டி ஒரு மேட்டில் துண்டு நிலம் கிடைத்தது. ஒற்றை அறை, மேலே ஓடு. பால் காய்ச்ச எங்களை வந்து அழைத்தார்.

அன்று பட்டாவை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். அதையும் கேட்டுவிட்டு, கொஞ்சம் பயந்த குரலில் கேட்டார்: "அப்ப இங்கருந்து எங்களைய யாரும் கிளம்பச் சொல்ல முடியாதுல்லா?"

"முடியாது வேலம்மா" என்றேன்.

வாழ்நாளெல்லாம் ஆபீஸில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றும் நினைவில் இல்லை. இந்த ஒரு பதிலும், அதைக் கேட்டதும் அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்த விதமும்தான் என்னிடம் இருக்கின்றன.