மாவுச் சுவர்

மழைக்காலம் வந்துவிட்டால் பெயிண்டருக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரிதான். ஈரச் சுவரில் எந்தப் பெயிண்டும் நிற்காது. ஏணி இரண்டும் மாடிப்படிக்கு அடியில் படுத்துவிடும். மற்ற வருடங்களில் அவர் அந்த மூன்று மாதத்தைத் தூங்கியே கழிப்பார். அதை அவர் மனைவியே நாலு பேரிடம் சொல்லிக்காட்டியிருக்கிறாள். இந்த வருடம் தூங்க வழியில்லாமல் போயிற்று.

மகளுக்கு நாலு வயது. வாய் ஓயாததால் வீட்டில் அவள் சில்வண்டு. பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனபோது டீச்சர் அவள் கையில் ஒரு கிரையானைக் கொடுத்தார். மூன்று தடவை கொடுத்தும் நழுவிக் கீழே விழுந்தது. "விரல்ல பலமே இல்லீங்களே. மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. அப்பவும் இப்படித்தான்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் என்றால் மனைவி பிஸ்கட் கம்பெனி வேலையை விடவேண்டியதுதான். மழை விட்டதும் பெயிண்டர் ஏணி ஏறிவிடுவார். இதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா வீடு மாறிப் போய்விட்டார், வேறு ஆள் கிடையாது. பேக்கிங் பிரிவில் ஆறு வருடம் நின்றே வேலை பார்த்து, போன மாதம்தான் அவளை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள்.

அவள் வரும் வழியிலேயே நாலு எழுத்துப் பயிற்சி நோட்டு வாங்கி வந்தாள். பென்சிலைக் கண்டதும் சில்வண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அங்கிருந்தும் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

பெயிண்டர் நோட்டை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தார். இரண்டு வாளி, ஒரு நுரைப்பஞ்சு. இந்த வாளித் தண்ணீரைப் பஞ்சில் பிழிந்து பிழிந்தே அந்த வாளிக்கு மாற்றவேண்டும். அது முதல் நாள் வேலை. மறுநாள் கூடத்துத் தரையில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, "எல்லாத்தையும் உரிச்சிடும்மா, ஓனர் வந்தா திட்டுவாரு" என்றார். நகத்தால் நோண்டி நோண்டி ஒரு துண்டைக் கிளப்ப அவளுக்கு அரைமணி நேரம் ஆனது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. அட்டைப்பெட்டி விளிம்பு முழுக்கத் துணிக் கிளிப் மாட்டுவது, பழைய பிரஷ்ஷால் பால்கனிச் சுவருக்குத் தண்ணீர் அடிப்பது என்று நாளுக்கு ஒன்று வந்தது. சுவர் காய்ந்துபோனால், "ஓனருக்குக் கலர் பிடிக்கலையாம், இன்னொரு கோட்டிங் குடு" என்பார்.

"நீங்க விளையாடறீங்களா, அவ விளையாடறாளா?" என்பாள் மனைவி, வேலையிலிருந்து வந்து ஈரத்தில் கால் வைத்ததும்.

"எழுதறது விரலாலதானே. விரல் வரட்டும், எழுத்து தன்னால வரும்."

"வரலைன்னா?"

மறுநாளும் வாளியைத்தான் எடுத்தார்.

சில்வண்டுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மாவு. இரண்டு கிண்ணம் மைதா, ஒரு கிண்ணம் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், தண்ணீர். ஒருமுறை நக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நக்கவில்லை. பலகையில் மாவை அப்பி அப்பி அவள் ஒரு சுவர் எழுப்பினாள். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் பள்ளம். "செவுரு ரெடி, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள்.

அங்கேதான் பெயிண்டருக்குப் புத்தி பிசகியது. இருபது வருடமாக மேடு பள்ளத்தைக் கண்டால் சும்மா இருக்காத கை. பேசிக்கொண்டே, சுவரைச் சமப்படுத்தும் பட்டித் தகட்டை எடுத்து ஒரே இழுப்பு. சுவர் கண்ணாடி மாதிரி ஆனது. மகளுக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாகத்தான் நினைத்தார்.

சில்வண்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. பேச்சும் நின்றது.

நாலு நாள் மாவைத் தொடவில்லை. பஞ்சையும் தொடவில்லை. டீச்சர் சொன்ன கெடுவுக்குப் பத்து நாள்தான் பாக்கி.

"என்ன பண்ணீங்க அவள?" என்று கேட்டாள் மனைவி. பெயிண்டர் ஒளிக்காமல் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டாததுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது.

ஐந்தாம் நாள் காலையில் பெயிண்டர் தானே மாவு பிசைந்தார். பலகையில் பரப்பி, தகட்டால் இழுத்து, எறும்பு ஏறினால் வழுக்கும் அளவுக்கு ஒரு சுவர் போட்டார். அதை மகளுக்கு முன்னால் தள்ளினார்.

"அப்பா உன் செவுர நாசம் பண்ணிட்டேன்ல. இது என் செவுரு."

சில்வண்டு அவர் முகத்தைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. முதலில் ஒரு விரல் இறங்கியது, நிதானமாக, அடியில் பலகையில் முட்டும்வரை. அப்புறம் ஐந்து விரல். அப்புறம் முழங்கை. பெயிண்டர் தகட்டைத் தூக்கித் தன் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். கை நமநமத்தது, எடுக்கவில்லை. "இங்க ஒரு ஜன்னல், இங்க ஒரு ஜன்னல், இது உங்க மூக்கு வர்ற ஓட்டை" என்று பேச்சும் திரும்பி வந்தது. அன்று முதல் தினமும் காலையில் அவர் ஒரு சுவர் போடுவார், அவள் உடைப்பாள், அந்த மாவிலேயே தனக்கு வேண்டியதைக் கட்டுவாள்.

பள்ளிக்குப் போன நாளில் பிள்ளையோடு ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். பெயிண்டர் வராந்தாவில் நின்றார். கால்மணி நேரத்தில் மனைவி மட்டும் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை.

"கோடு போடச் சொன்னாங்க."

"போட்டாளா?"

"போட்டா. பேப்பர் முடிஞ்சும் நிறுத்தல. டீச்சரோட மேசைல இந்த மூலைலேர்ந்து அந்த மூலை வரைக்கும் இழுத்துட்டா. கிரையான் ரெண்டா உடைஞ்சிடுச்சு."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"பிடி நல்லா இருக்காம். எங்க நிறுத்தணும்னு அவங்க சொல்லித் தராங்களாம். திங்கக்கிழமை அனுப்பச் சொன்னாங்க." சொல்லிவிட்டு அவள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

"ஏங்க, போய் அந்த மேசையத் துடைச்சுக் குடுத்துட்டு வாங்க. நீங்கதானே பெயிண்டர்" என்றாள்.

அவர் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு உள்ளே போனார்.