மகேஸ்வரியும் ஆயில் கிளட்ச்சும்

லாரியில் போகும்போது மகேஸ்வரியின் இடது கால் சும்மா இருக்காது. ஓட்டுவது அவள் கணவர் கொளஞ்சியப்பன். அவள் உட்காருவது பக்கத்து சீட்டில். ஆனாலும் அவர் கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் இவள் காலும் தகரத் தரையை அழுத்தும். அவர் விட்டால்தான் இவளும் விடுவாள். பதினேழு வருடமாக இப்படித்தான். கீழே விரித்த ரப்பர் மேட் அந்த ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. மகள் வெண்பாதான் இதை முதலில் கண்டுபிடித்தாள்.

"என்னம்மா, நீயும் சேந்து ஓட்டறியா? சம்பளம் ஒருத்தருக்குத்தான குடுப்பாங்க?"

மகேஸ்வரி வெட்கப்பட்டுக் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அடுத்த வளைவிலேயே கால் தானாக வெளியே வந்துவிட்டது.

அவள் பிறந்தது நல்லூர்ப் பக்கம். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி விருத்தாசலம் வந்த மறு வருடம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றும் வேலை. நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். கண் மட்டும் ஓயாது. எந்த அச்சில் நூல் விரிசல், எந்த வாளிக் கூழ் தண்ணியாகிவிட்டது என்றெல்லாம் மேஸ்திரிக்கு முன்பே அவளுக்குத் தெரியும். சென்னைக்குப் பொம்மை லோடு போனால் பெட்டி பிரித்து இறக்க அவளும் போவாள். கம்பெனி லோடு முழுவதும் கொளஞ்சியப்பன் லாரிதான் ஏற்றியது. தொண்ணூற்றெட்டாம் வருடத்து வண்டி. அவர் சொந்தமாக வைத்திருந்த ஒரே பெரிய பொருள்.

அந்த வண்டியின் கிளட்ச் கம்பியால் இழுக்கும் பழைய ராடு கிளட்ச். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் ஆளைத் தூக்கி நிறுத்தும் பலம் வேண்டும். ஐம்பத்தாறு வயதில் கொளஞ்சியப்பனின் இடது முழங்கால் தேய்ந்துபோனது. "லாரிய வுடுங்க, இல்லன்னா ஆபரேஷனுக்கு வாங்க" என்று டாக்டர் சொன்னதை அவர் வீட்டில் சொல்லவில்லை. பெடலை மிதிக்கும் முன் அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதை வைத்தே மகேஸ்வரி தெரிந்துகொண்டாள்.

ஆவணியில் அது வெளியே வந்தது. கொலு பொம்மை லோடோடு சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது, ஊர்ந்து ஊர்ந்து நாற்பதாவது தடவையோ ஐம்பதாவது தடவையோ கிளட்ச்சை மிதிக்கையில் முழங்கால் மடங்கிவிட்டது. கால் பெடலிலிருந்து வழுக்க, லாரி ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் பெட்டிகள் சரிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. சென்னையில் பிரித்தால் எழுபத்திரண்டு பொம்மைகளுக்குக் கழுத்து இல்லை.

கம்பெனியில் லோடு அனுப்பும் பொறுப்பு மாயவனுடையது. அவர் கத்தவில்லை. அதுதான் மோசம்.

"அண்ணே, அடுத்த லோடு திங்கட்கெழம. இதுவும் கொலு பொம்மைதான். போன தடவ மாதிரி ஆனா மொதலாளி என்னையே சூளையில வெச்சிடுவாரு. கால் முடியலன்னா இப்பவே சொல்லுங்க, வேற வண்டி பாத்துக்கறேன்."

"திங்கட்கெழம வண்டி வரும்" என்றார் கொளஞ்சியப்பன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பேச்சு மாறிவிட்டது. மங்கலம்பேட்டையில் ஒருவர் வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கொடுத்துவிடலாம் என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மகேஸ்வரி சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான்கு நாளாக ஒரு விஷயத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குத் தினமும் களிமண் இறக்க வந்த ஒரு புது லாரியின் டிரைவர் ரப்பர் செருப்போடு, விரல் நுனியால் கிளட்ச்சை அழுத்துவதைப் பார்த்திருந்தாள். முன்பின் தெரியாத ஆம்பளையிடம் போய் எப்படிக் கேட்பது என்று மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் கேட்டேவிட்டாள். அது ஆயில் கிளட்ச், எண்ணெயே தள்ளிக்கொடுக்கும், காலுக்கு வேலை கம்மி என்று அவன் சொன்னான்.

"நம்ம வண்டிக்கும் அத வெச்சிடலாம்" என்றாள்.

"பழைய வண்டிக்கு எவன்டி வெப்பான்?"

"கேட்டுப் பாக்கலாம். வெண்பா அப்பா, வண்டிய வித்துட்டு நீங்க வூட்ல உக்காந்தா என்னால பாக்க முடியாது. சொல்லிட்டேன்."

இரண்டு மெக்கானிக்குகள் கையை விரித்தார்கள். வித்துட்டுப் புதுசு வாங்குங்க என்று ஒருவர் யோசனை வேறு சொன்னார். அவள் திரும்பும்போது, "வேற யாரு இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாவதாக இருவரும் போனது உளுந்தூர்பேட்டை ரோட்டில் இருக்கும் சார்லஸ் பட்டறைக்கு. சார்லஸ் வாய் ஓயாத ஆள். லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"அண்ணே, இதே வண்டியோட புது மாடல்ல ஆயில் கிளட்ச்சு வருது. பெடல்கிட்ட ஒரு சிலிண்டரு, கியர்பாக்ஸ்கிட்ட ஒரு சிலிண்டரு, நடுவுல பைப்பு. பழைய சாமான் கடையில எடுத்துடலாம். ஒடம்பு பழசு, நரம்பு புதுசு. நமக்கு அந்த மாதிரி பண்ண எவனும் இல்ல, வண்டிக்காவது பண்ணுவோம்."

வெள்ளிக்கிழமை ராடுகளைக் கழற்றினார். சனிக்கிழமை இரும்புப் பட்டையை வெட்டி, துளை போட்டு, கீழ்ச் சிலிண்டரைக் கியர்பாக்ஸ் பக்கம் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து எண்ணெய் ஊற்றினார். இனி குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. மேலே ஒருவர் பெடலைப் பலமுறை மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழே ஒருவர் சிலிண்டரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து எண்ணெயோடு காற்றை விட்டு மூட வேண்டும். கொளஞ்சியப்பன் இருபது மிதி மிதித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எறங்குங்க" என்று சொல்லிவிட்டு மகேஸ்வரி டிரைவர் சீட்டில் ஏறினாள். அந்த சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"ஓனரம்மாவே ஏறிட்டாங்க" என்று கீழிருந்து சார்லஸ் குரல் கொடுத்தார். "மிதிங்க அக்கா. மிதிங்க, மிதிங்க. புடிங்க! வுடுங்க."

மிதித்தாள். பிடித்தாள். விட்டாள். நூறு, இருநூறு என்று போனது. நிப்பிளில் மாட்டிய டியூபின் முனையில் வைத்த பாட்டிலில் எண்ணெய் சுத்தமாக விழுந்தது. ஒரு குமிழ்கூட இல்லை. ஆனால் பெடல் மட்டும் பஞ்சில் கால் வைத்த மாதிரி அமுங்கியது. கிளட்ச் விலகவில்லை. கியர் போட்டால் கறகறவென்று கத்தியது.

மத்தியானம் சார்லஸ் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஏர் ஒண்ணும் இல்ல. மேல் சிலிண்டரு வாஷர் போயிருக்கும். சேலத்துலேருந்துதான் வரணும். நாலு நாளு ஆவும்ணே."

நாளைக்குத் திங்கட்கிழமை. கொளஞ்சியப்பன் போனை எடுத்தார். மாயவனின் எண்ணைத் தேடினார்.

மகேஸ்வரி சீட்டைவிட்டு இறங்கவில்லை. பெடலை மெதுவாக இன்னொரு தடவை அழுத்தினாள். அந்த மெத்தென்ற அமுங்கல் அவளுக்குப் பழக்கமானதாக இருந்தது. பொம்மை அச்சைத் தலைகீழாக நிறுத்தித்தான் கூழ் ஊற்றுவார்கள். கை தொங்கவிட்ட பொம்மையென்றால், அச்சுக்குள் விரல்கள் மேல் நோக்கி நிற்கும். அச்சைச் சாய்க்காமல் நேராக ஊற்றினால் காற்று விரல் நுனியில் போய் ஒளிந்துகொள்ளும். வாய் வரை கூழ் நிரம்பியிருக்கும், பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். திறந்தால் பொம்மைக்கு விரல் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு பலகை நிறைய மொண்டிக் கைகளைச் செய்து அவள் திட்டு வாங்கியிருக்கிறாள்.

இறங்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிக்கு அடியில் போனாள்.

"ஏ மகேசு, என்னா பண்ற? கிரீஸு ஒட்டும், வா இப்டி" என்றார் கொளஞ்சியப்பன், போனைக் காதில் வைத்தபடி.

கீழ்ச் சிலிண்டரைப் பார்த்தாள். எண்ணெய் வரும் குழாய் மேல் பக்கம் சேர்ந்திருந்தது. நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை பார்த்து நிச்சயம் செய்துகொண்டு வெளியே வந்தாள். சொல்ல வாய் வரவில்லை. பட்டறையில் நாலு பேர் நிற்கிறார்கள். சிரிப்பார்கள்.

"அந்தப் போன வைங்க" என்றாள் கணவரிடம். பிறகு சார்லஸ் பக்கம் திரும்பினாள். "தம்பி, காத்து மேலதான நிக்கும்? நீங்க தொறக்கற எடம் அடியில இருக்குது. எண்ணெதான் வரும், காத்து எப்படி வரும்?"

"அக்கா, இது பொம்மை இல்ல, வண்டி."

பட்டறையில் சிரித்தார்கள். மகேஸ்வரி நகரவில்லை.

"இருக்கட்டும். ஒரு தடவ கழட்டித் திருப்பிப் போட்டுப் பாருங்க. ஆவலன்னா நாலு நாளு காத்திருக்கறோம்."

"வுடு மகேசு. அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கெழம, நாளைக்கு லோடு. திருப்பிப் போட எம்மா நேரம் ஆவும் தம்பி?"

சார்லஸ் மறுபடி லாரிக்கு அடியில் நுழைந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்த ஸ்பேனர எடுத்துக் குடுங்கடா. பைப்பு எட்டறதுக்குத் தோதா இருக்கேன்னு போட்டேன் பாரு... என்ன சொல்ல!"

இரண்டு போல்ட்டுகள்தான். சிலிண்டரை அரை வட்டம் திருப்பினார். குழாயைக் கொஞ்சம் வளைத்துக் கீழ்ப்பக்கம் சேர்த்தார். நிப்பிள் மேலே வந்தது. மகேஸ்வரி மறுபடி சீட்டில் ஏறினாள்.

"புடிங்க!"

பாட்டிலுக்குள் குபுகுபுவென்று நுரையாக வந்தது. மூன்றாவது தடவையிலும் நுரை. ஏழாவது தடவையில் சின்னச் சின்னக் குமிழ்கள். பன்னிரண்டாவதில் எண்ணெய் மட்டும். பெடல் அவள் காலடியில் ஒரே சீராக எதிர்த்தது. பஞ்சு போய்விட்டது. கொளஞ்சியப்பன் ஏறி உட்கார்ந்து மிதித்தார். மூச்சைப் பிடிக்கவில்லை. முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பட்டறை வாசலில் முன்னும் பின்னுமாக ஆறு தடவை நகர்த்தினார். பிறகு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"அக்கா, பட்டறைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றார் சார்லஸ். "இந்தப் பசங்கள கம்பெனிக்கு அனுப்பிடறேன், பொம்மை பண்ணட்டும்."

திங்கட்கிழமை லோடு ஏறியது. மாயவன் பெட்டிகளுக்கு நடுவே வைக்கோலை அவரே கையால் திணித்தார், நம்பிக்கை இல்லாமல். ஊருக்குள் பாலக்கரை நெரிசல், சுங்கச்சாவடி வரிசை, சென்னையின் ஊர்ந்து போகும் போக்குவரத்து என்று எல்லாவற்றையும் கடந்து போய் இறக்கினார்கள். உடைந்தது இரண்டு பொம்மை. அதுவும் இறக்கியவர் கை தவறியதால்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. லாரியை விற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு லோடு போகிறது. கொளஞ்சியப்பனின் முழங்கால் சரியாகிவிடவில்லை. மலைப் பாதை லோடுகளை அவர் எடுப்பதில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம், ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சார்லஸ் அதற்குப் பிறகு ஐந்து பழைய லாரிகளுக்கு ஆயில் கிளட்ச் மாட்டியிருக்கிறார். மகேஸ்வரி அதே கம்பெனியில் அதே வேலையில்தான் இருக்கிறாள்.