நெஞ்சுக்குள் எடுத்த படம்

என் புருஷன் ஜெயிலில் இருந்தபோதுதான் அவருடைய நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே, இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தவள் நான். அதைச் சரியாக எழுத வருமா என்று தெரியவில்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம். நாங்கள் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். அவருக்கு ரோடு போடும் வேலை. அங்கே ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஒருநாள் என்னைப் பற்றி ஏதோ கேவலமாகச் சொன்னானாம். இவர் மண்வெட்டிக் காம்பால் போட்ட போட்டில் அவன் கை முறிந்துவிட்டது. இவரை ஜெயிலில் போட்டார்கள். என் இடுப்பில் அப்போது கைப்பிள்ளை.

இருமல் அவருக்கு முன்பிருந்தே உண்டு. துளசியும் மிளகும் கொதிக்கவைத்துக் கொடுப்பேன், குடித்துவிட்டு வேலைக்குப் போவார். ஜெயிலுக்குள் வருகிற ஆளை முதலில் டாக்டர் பார்க்க வேண்டுமென்று சட்டமாம். அந்த டாக்டர்தான் இவர் முதுகில் குழாயை வைத்து, வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். வெளியில் இருந்த வரைக்கும் அந்த இருமலை நின்று கேட்க ஒருவருமில்லை. உள்ளே போன பிறகுதான் ஒரு காது கிடைத்தது.

பிறகு ஒருநாள் சுகாதார இலாகா ஆள் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். "ஒங்க வீட்டுக்காரருக்கு சயரோகம் மாதிரி இருக்கும்மா. நீங்களும் பிள்ளையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டணும். ஒங்களுக்கு நெஞ்சுப் படம் எடுப்பாங்க" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். முன்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "அடுத்தவன் கைய ஒடிச்சவனுக்கு ராஜ வைத்தியமாம். ஒழுங்கா வேல செய்யற என் வீட்டு ஆளுக்கு ஒரு வெள்ளக்காரன் வந்து நாடி பாத்தானா?" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே பேசினாள்.

சயரோகம் என்றால் அப்போது சாவு என்றுதான் எங்களுக்கு அர்த்தம். பால் கொடுக்கிறவள் நான். எனக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்திருக்கும். இரண்டு நாள் பாலூட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே ஊட்டினேன்.

எனக்குத் துணையாக வந்தது பக்கத்து வீட்டுச் சிட்டி அக்கா. பல தலைமுறைக்கு முன்னால் மலாக்காவுக்கு வந்து, மலாயே வீட்டுப் பேச்சாகிப்போன தமிழ்ச் செட்டிகளைச் சிட்டி என்போம். மலாய்க்காரிகள் போலக் கெபாயாச் சட்டை உடுத்துவாள், மாரியம்மனுக்கு மலாயில் நேர்ந்துகொள்வாள். "ஜாங்கான் மாலு, வெட்கப்படாதே" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை அவள் வாங்கிக்கொள்ள, ஒரு சீன மிஸ்ஸி என்னை மட்டும் உள்ளே கூட்டிப்போனாள். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம்.

இருட்டான அறை. நடுவில் ஓர் இரும்புத் தூண், அதில் பெட்டி போல ஒன்று. ரவிக்கையைக் கழற்றச் சொல்லி ஒரு வெள்ளை அங்கியைக் கொடுத்தாள். உடம்பெல்லாம் கூசியது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு எப்படியோ மாற்றிக்கொண்டேன். பிறகு அவள் என் கழுத்தைத் தொட்டு, தாலிக்கயிற்றைச் சுண்டி, "இனி புக்கா" என்றாள். இதைக் கழற்று.

என் மலாய் கடைக்குப் போய் வருகிற அளவு மலாய். ஆனால் அந்த வார்த்தை விளங்கிவிட்டது. ஒரு பெண்ணின் தாலியை எப்போது கழற்றச் சொல்வார்கள்? அவர் செத்துப்போய்விட்டார். ஜெயிலில் நேரே சொல்ல மனமில்லாமல் படமென்று சொல்லி வரவழைத்திருக்கிறார்கள். என்னை வெள்ளைத் துணி உடுத்தவும் வைத்தாயிற்று. உரக்கப் பேசியே அறியாத நான், தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் மிஸ்ஸி பயந்து பின்னால் போய்விட்டாள்.

அப்போது கதவுக்கு வெளியே ஓர் இருமல் கேட்டது. எனக்குத் தெரியாத இருமலா!

"ஏ புள்ள! எதுக்கு இப்படிக் கத்துற? நான் இங்கதான இருக்கேன்!"

ஜெயிலில் படமெடுக்கிற மெஷின் இல்லையாம். அதனால் அவரையும் அதே காலையில் அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். நான் அங்கியோடு ஓடி வெளியே வந்தேன். மொட்டைத் தலையும் ஜெயில் உடுப்புமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரு கையும் ஒரு மலாய் வார்டரின் கையும் ஒரே விலங்கில் இருந்தன.

சத்தம் கேட்டு, இவரோடு வந்திருந்த ஜெயில் டாக்டரும் வந்துவிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மிஸ்ஸியிடம் விசாரித்துவிட்டு என்னிடம் வந்தார். சிரிக்கவில்லை.

"பிள்ளை, பொன் கிடந்தால் அந்த இடம் படத்தில மறைஞ்சுபோம். அதுக்குப் பின்னால நோய் ஒளிச்சிருந்தால் எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் கழட்டச் சொன்னது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று தலையசைத்தேன். பிள்ளை சிட்டி அக்கா தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் கழற்ற வேண்டும் போலிருந்தது. என் புருஷனைப் பார்த்தால் முடியவில்லை.

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "சரி, கட்டினவர் இருக்கிறார்தானே? அவரே கழட்டி வைச்சிருக்கட்டும். கீழை வைக்க வேண்டாம், வேற ஆரும் தொடவும் வேண்டாம்."

வார்டரிடம் டாக்டர் மலாயில் ஏதோ சொன்னார். வார்டர் சாவியை எடுத்து விலங்கைத் திறந்தார். என் புருஷன் எழுந்து, என் கொண்டையை ஒதுக்கி, தலை வழியாகக் கயிற்றை எடுத்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டார். "போ. நான் புடிச்சிருக்கேன்" என்றார்.

உள்ளே போய்க் குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றேன். மூச்சை இழு, பிடி என்று மிஸ்ஸி செய்து காட்டினாள். எங்கேயோ ஒரு சத்தம், அவ்வளவுதான். வலியில்லை, சூடில்லை. யாரும் என்னைத் தொடவில்லை.

படம் கழுவி வர வெகுநேரம் ஆனது. டாக்டர் இரண்டு படத்தையும் ஒரு வெளிச்சப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி எங்களைக் கூப்பிட்டார். கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த நடுக்கம். வெள்ளை வெள்ளையாக விலா எலும்புகள், ஓலைக்கீற்று மாதிரி வரிசையாக. நடுவில் ஒரு பக்கம் சாய்ந்த நிழலைக் காட்டி, "இது இருதயம்" என்றார் டாக்டர். நான் ஒருவருக்கும் காட்டாத இடத்தையும் தாண்டி உள்ளே போய், அங்கே இருக்கிறதை யாரோ எடுத்து வந்துவிட்டார்கள். ஆனாலும் எனக்கு வெட்கமே வரவில்லை. அதுதான் இன்றைக்கும் ஆச்சரியம்.

"இது உம்மட படம். சுத்தம். பிள்ளைக்குப் பயமில்லாமல் பால் குடும்."

அவருடைய படத்தில் மேல் பக்கம் இலவம்பஞ்சு ஒட்டினாற்போல இருந்தது. அதன் நடுவே ஒரு சின்னப் பொந்து. அந்தப் பொந்தோடுதான் அவர் தினமும் கல் சுமந்திருக்கிறார்.

"இதுக்கு இப்ப ஊசி இருக்குது. ஜெயிலிலையே போடுவம். வெளியில விட்ட பிறகும் நிப்பாட்டக்கூடாது."

வார்டரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தாவும் ஜெயில் வார்டராம். அந்தக் காலத்தில் இருமலோடு உள்ளே போனவன் பிணமாகப் பலகையில்தான் வெளியே வருவானென்று தாத்தா சொல்வாராம். இப்போது எலும்புக்குள்ளேயே பார்க்கிறார்களே என்று தலையை ஆட்டினார்.

இவர் இன்னும் கையை மூடியபடியே இருந்தார். திறந்தபோது கயிற்றின் மஞ்சள் வேர்வையில் கரைந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. வார்டர் விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "காவின் லாகி? நாசி மின்யா மானா?" என்றார். மறுபடியும் கல்யாணமா, நெய்ச்சோறு எங்கே என்று கேட்கிறார். சிட்டி அக்கா சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது.

"மூச்சு அவவிலை படாமல் போடும்" என்றார் டாக்டர்.

முதல்முறை கட்டியபோது இவர் என் முகத்தைப் பார்த்து எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கையாலேயே என் தலையைத் தடவிப் பார்த்துப் போட்டார். கயிறு காதில் மாட்டியது. நானே எடுத்துவிட்டேன். போட்டு முடிந்த பிறகும் அவர் திரும்பவில்லை. மூச்சையும் விடவில்லை. நான் எட்டி நடந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு, வாசல் வரைக்கும் போன பிறகுதான் அந்த இருமல் கேட்டது.