தகரத்துக்கு அடியில் தெரிந்த கால்கள்

கொரோனா சமயத்தில் எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். தகரத்துக்கு அடியில் ஒரு சாண் சந்து இருந்தது. பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் கால்களை அதில்தான் பார்த்தேன். நீலச் செருப்பு, ஒரு வாரில் ஊக்கு குத்தியிருக்கும். ஆடு மேய்த்தவன் நான். எனக்குக் காலடி மறக்காது.

போன் இல்லாத பிள்ளைகளுக்காகத் தினமும் வருவார். வண்டிச் சாவியால் தகரத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பெயர் கூப்பிடுவார். பிள்ளைகள் உள்ளேயிருந்து கத்தும். நோட்டுகள் சந்து வழியாகப் போகும், வரும்.

ஒரு நாள் ஒன்பதாவது படிக்கும் என் பேத்தியின் பெயருக்குப் பதில் இல்லை. அவளை மாமனுக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்து, என் மகன் அறையில் பூட்டியிருந்தான்.

"காய்ச்சலுங்க டீச்சர்" என்றேன்.

"அப்ப டெஸ்ட் எடுக்கணுமே. ஆம்புலன்ஸ வரச் சொல்லட்டுங்களா?"

எதிர்வீட்டுக்காரி கத்தினாள். "யோவ் பெருசு, வாயக் கழுவு! இன்னும் பதினாலு நாளு அடைச்சிப்புடுவாங்க!"

"காய்ச்சலு இல்லீங்க" என்றேன்.

"அப்ப அவ கொரலு கேக்காம நான் போவ மாட்டேனுங்க பெரியவரே."

வெயில் கொளுத்தியது. செருப்பு நகரவில்லை. மகன் முறைக்க முறைக்கப் பூட்டைத் திறந்தேன்.

"உள்ளேன் டீச்சர்" என்று பேத்தி தகரத்தருகே வந்து அழுதாள்.

"ஏஞ்சாமி அழுவுற?"

கல்யாணப் பேச்சு, பூட்டு எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

கல்யாணம் நின்றது. மகன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. தகரத்தை எடுப்பதற்குள் டீச்சருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அரூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் இப்போதும் போகிறவர்களின் கால்களைத்தான் பார்க்கிறேன்.